இருக்கறதுலயே எது பெரிசு?

ஹார்டுவேர் கடையில் போய் நின்று, "அண்ணே, இருக்கறதுலயே சின்னப் பூட்டா ஒண்ணு குடுங்க" என்று கேட்காதவர் நம்மில் யார்? "எங்க தெருவுலயே அவங்க வீடுதான் பெரிசு", "நான் பார்த்த படத்துலயே இதுதான் மொக்கை" என்று நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த '-லயே' இருக்கிறதே, எழுத்தில் '-இலேயே', அதுதான் ஆங்கில இலக்கணம் சூப்பர்லேட்டிவ் என்று பெயர் சூட்டி, தனிப் பாடம் போட்டு, பரீட்சை வைத்து நம்மைப் பயமுறுத்தும் சமாச்சாரம். அதைப் பேச்சில் பிழையே இல்லாமல் பயன்படுத்துகிற பிள்ளைதான் இங்கிலீஷ் வகுப்பில் அந்தப் பாடம் வந்ததும் முழிக்கிறது.

பழியை 'மிக' என்ற சொல்மேல் போடுவேன். பள்ளிக்கூடத்தில் எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்? 'டால்' என்றால் உயரமான, 'டாலர்' என்றால் அதைவிட உயரமான, 'டாலஸ்ட்' என்றால் மிக உயரமான. ராகம் போட்டு ஒப்பித்தோம். ஆனால் 'மிக உயரமான' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வெரி டால்' என்றுதான் பொருள். ஒரு வகுப்பில் மிக உயரமான பையன்கள் ஐந்து பேர் இருக்கலாம். 'டாலஸ்ட்' ஒருவன்தான். செய்தித்தாள் தமிழ் 'இந்தியாவின் மிகப்பெரிய' என்று எழுதி எழுதி நமக்குப் பழக்கிவிட்டது, அதை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் 'மிக' என்பதை மறைத்துவிட்டு, "வகுப்புலயே உயரம்" என்று சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏனென்றால் '-லயே' ஒரு காரியத்தைக் கட்டாயமாகச் செய்ய வைக்கிறது. எதிலே என்று சொல்லாமல் அதைச் சொல்லவே முடியாது. தெருவிலேயே, வகுப்பிலேயே, இருக்கிறதிலேயே, நான் பார்த்ததிலேயே. வேலி போட்ட பிறகுதான் உள்ளே எது பெரிசு என்று பேச்சு வரும். ஆங்கிலத்திலும் அந்த வேலி உண்டு. அங்கே அதை வாக்கியத்தின் கடைசியில் தள்ளிவைத்திருப்பார்கள், சில சமயம் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். நம் பிள்ளைகள் சொல்லுக்குப் பின்னால் 'எஸ்ட்' ஒட்டுவதை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வேலியைக் கவனிப்பதில்லை. தப்பெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

மலையை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டிலேயே உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். வேலியைத் தென்னிந்தியா முழுவதுக்கும் தள்ளிப் போடுங்கள். இப்போது கேரளத்தின் ஆனைமுடி, 2,695 மீட்டர். உலகம் முழுக்க என்றால் எவரெஸ்ட். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த கணக்குப்படி 8,848.86 மீட்டர். இவ்வளவும் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் எவரெஸ்ட் 'ஹையஸ்ட்'. அது 'டாலஸ்ட்' இல்லை. ஹவாய்த் தீவில் மௌன கியா என்று ஒரு எரிமலை இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரியும். அடிவாரம் கடலுக்கு அடியில் கிடக்கிறது. அங்கேயிருந்து உச்சிவரை அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். தலை எவ்வளவு மேலே இருக்கிறது என்பதைச் சொல்வது 'ஹை', காலிலிருந்து தலைவரை எவ்வளவு என்பதைச் சொல்வது 'டால்'. மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார், எக்குவடோர் நாட்டின் சிம்போராசோ. 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி நடுவயிற்றில் கொஞ்சம் பருத்திருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளந்தால் அதன் உச்சிதான் 'ஃபார்தஸ்ட்'. எவரெஸ்டை இரண்டு கிலோமீட்டர் அளவுக்கு முந்திவிடும். எதற்குள் என்று ஒரு கேள்வி, எதை அளக்கிறோம் என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் பதில் இருந்தால்தான் சூப்பர்லேட்டிவ் நிற்கும்.

எவரெஸ்ட் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1852 வரைக்கும் கஞ்சன்ஜங்காதான் உலகிலேயே உயரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு, பீக் பதினைந்து என்று வெறும் எண் போட்டுவைத்திருந்த சிகரம் அதையும் விட உயரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் வங்காளத்து ராதாநாத் சிக்தார். 29,002 அடி என்று 1856இல் வெளியே அறிவித்தார்கள். இந்தக் கணக்குக்கு அடிப்படையான மாபெரும் நில அளவை 1802இல் தொடங்கிய இடம் நம்ம பரங்கிமலைப் பக்கம். ஆங்கிலம் இந்த மாதிரி நேரத்துக்கென்றே 'தி ஹையஸ்ட் நோன் மவுண்டன்' என்று 'நோன்' ஒன்றைச் செருகிக்கொள்ளும். நமக்குத் தெரிந்தவரை என்று வேலியை அடக்கமாகப் போடுவது. விஞ்ஞானக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம், விளம்பரங்களில் பார்க்கவே முடியாது.

சரி, ஆங்கிலத்தில் வேலியை எப்படிப் போடுகிறார்கள்? இடமோ கூட்டமோ என்றால் 'இன்'. 'தி டாலஸ்ட் பாய் இன் தி க்ளாஸ்.' எண்ணிக்கையோ பன்மையோ காலமோ என்றால் 'ஆஃப்'. 'தி டாலஸ்ட் ஆஃப் தி த்ரீ', 'தி ஹேப்பியஸ்ட் டே ஆஃப் மை லைஃப்'. 2024இல் வெங்கட் பிரபு இயக்கத்தில் விஜய் நடித்து வந்த படத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்.' காலம் என்பதால் 'ஆஃப்'. 'டைம்' என்பதற்குப் பின்னால் 'எஸ்' கிடையாது. படத்தை எல்லாரும் 'கோட்' என்று சுருக்கிவிட்டதில் இலக்கணம் காணாமல் போய்விட்டது, போகட்டும்.

அனுபவத்தை வேலியாகப் போட 'எவர்' வரும். "நான் இதுவரை சாப்பிட்டதுலயே ருசியான பிரியாணி" என்பது 'தி டேஸ்ட்டியஸ்ட் பிரியாணி ஐ ஹாவ் எவர் ஈட்டன்'. பாருங்கள், சாப்பிட்டதிலேயே என்ற வேலி அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. சொற்களின் வரிசைதான் தலைகீழ்.

அடுத்தது 'ஒன் ஆஃப் தி' விவகாரம். 'ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் டெம்பிள்' என்று எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளும் துண்டுப்பிரசுரங்களும் சுற்றுலாத் தலம் தவறாமல் கிடைக்கும். 'டெம்பிள்ஸ்' என்று பன்மையில் வரவேண்டும். தமிழில் 'பெரிய கோயில்களில் ஒன்று' என்று எழுதும்போது 'களில்' தானாக வந்து விழுகிறது. 'பெரிய கோயிலில் ஒன்று' என்று யாரும் எழுதமாட்டோம். இங்கிலீஷுக்குப் போனதும் அந்த 'கள்' எங்கேயோ தொலைந்துவிடுகிறது. கூட்டம் இல்லாமல் அதிலிருந்து ஒன்றை எப்படி எடுப்பது? இத்தனைக்கும் பின்னால் வரும் வினைச்சொல் 'ஒன்' என்பதற்கு ஏற்றபடி ஒருமையில் 'ஈஸ்' என்றுதான் இருக்கவேண்டும். கோயில்கள் பன்மை, வினை ஒருமை. குழப்பம் வருவதில் ஆச்சரியமில்லை.

இனி 'எஸ்ட்'டா, 'மோஸ்ட்'டா என்ற பழைய கதை. இதை எல்லாப் புத்தகமும் சொல்லும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். ஓரசைச் சொல்லுக்கு 'எஸ்ட்', மூன்றசையும் அதற்கு மேலும் போனால் 'மோஸ்ட்'. நடுவில் இருக்கும் ஈரசைச் சொற்கள்தான் தகராறு. 'ஒய்'யில் முடிந்தால் 'ஹேப்பியஸ்ட்', 'ஈஸியஸ்ட்'. 'நேரோ', 'ஜென்டில்', 'கிளவர்' எல்லாம் 'எஸ்ட்' ஏற்கும். 'கேர்ஃபுல்', 'ஹானஸ்ட்' ஏற்காது. 'காமன்', 'பொலைட்', 'ஸ்டூப்பிட்' இரண்டு பக்கமும் போகும். 'காமனஸ்ட்' என்றாலும் 'மோஸ்ட் காமன்' என்றாலும் யாரும் அடிக்கமாட்டார்கள். சந்தேகம் வந்தால் 'மோஸ்ட்' போடுங்கள், பெரிய ஆபத்தில்லை. 'இங்', 'எட்' என்று முடியும் சொற்களுக்கு எத்தனை அசை என்று எண்ணவே வேண்டாம், 'மோஸ்ட்'தான். 'போர்டு' என்பது ஓரசைதான், ஆனாலும் 'மோஸ்ட் போர்டு'. மூன்றசைக்கு 'எஸ்ட்' கூடாது என்ற விதியைத் தாண்டி 'அன்ஹேப்பியஸ்ட்', 'அன்டைடியஸ்ட்' என்று சில சொற்கள் தப்பித்துவிடும். முன்னால் ஒட்டிய 'அன்' எண்ணிக்கையில் சேராது. 'ஃபன்' என்பதற்கு 'ஃபன்னஸ்ட்' உண்டா என்று இலக்கணக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், 2008இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாட் டச் விளம்பரத்தில் அதைத் தைரியமாகப் போட்டுவிட்டது.

எழுத்துக்கூட்டல் விதிகளில் 'பிக்', 'ஹாட்' போன்றவற்றில் கடைசி எழுத்து இரட்டிப்பதும், 'ட்ரை' என்பதில் 'ஒய்' போய் 'ஐ' வருவதும் எல்லாருக்கும் தெரியும். 'ஷை' பெரும்பாலும் அந்தப் பேச்சைக் கேட்காது. 'ஒய்' அப்படியே இருக்க, பின்னால் 'எஸ்ட்' ஒட்டிக்கொள்ளும். கூச்ச சுபாவம், இடத்தைவிட்டு நகரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சரிப்பில் ஒரு விஷயம் இருக்கிறது, அது பாடப்புத்தகத்தில் வராது. 'லாங்' என்று இங்கிலீஷ்காரர் சொல்லும்போது முடிவில் 'க' ஒலி வருவதே இல்லை, வெறும் 'ங்' தான். 'சிங்', 'சிங்கர்' இரண்டிலும் அப்படித்தான். நமக்கு இது பழக்கமில்லை. சங்கு, தங்கம், அங்கே என்று நமக்கு 'ங்' வந்தால் பின்னாலேயே 'க' வரவேண்டும். ஆனால் 'க' இல்லாத 'ங' நம்மிடமும் உண்டு, கடிதம் முடிக்கும்போது 'இங்ஙனம்' என்று எழுதுகிறோமே, அதில். ஆக அவர்கள் சொல்வது 'சிங்ஙர்'. இவ்வளவு தூரம் பழகிக்கொண்டு, அதே பாணியில் 'லாங்ஙஸ்ட்' என்று சொன்னீர்களானால் தப்பு. 'லாங்', 'ஸ்ட்ராங்', 'யங்' என்ற மூன்று சொற்களிலும் 'எஸ்ட்' சேர்ந்ததும் 'க' ஒலி திரும்ப வந்துவிடும். 'லாங்கஸ்ட்', 'ஸ்ட்ராங்கஸ்ட்', 'யங்கஸ்ட்'. நம்ம ஊர் உச்சரிப்பு அப்படியே சரியாகிவிடுகிற அபூர்வ இடம் இது. ஒன்றும் மாற்றவேண்டாம்.

இந்த 'எஸ்ட்' எங்கிருந்து வந்தது என்று தேடினால் நமக்குத் தெரிந்த முகங்கள் தென்படும். சமஸ்கிருதத்தில் 'இஷ்ட' என்று ஒரு விகுதி. சிரேஷ்ட, கனிஷ்ட, ஜேஷ்ட. வசிஷ்டர் என்ற பெயரே 'வசு' என்பதன் சூப்பர்லேட்டிவ் வடிவம். கிரேக்கத்தில் 'இஸ்டோஸ்'. பழைய ஜெர்மானிய மொழிகளில் 'இஸ்ட்', 'ஒஸ்ட்'. எல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்து, ஆங்கிலத்துக்கு வந்த பங்குதான் 'எஸ்ட்'. இலங்கைத் தமிழில் இன்றும் சிரேஷ்ட விரிவுரையாளர் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பதவிக்கு 'சீனியர்', அது லத்தீனில் கம்பேரட்டிவ், அதாவது 'அதைவிட' என்று ஒப்பிடும் வடிவம். அதனால்தான் 'சீனியர் டு மீ' என்று 'டு' வருகிறது, 'தேன்' வருவதில்லை.

நம் மொழிக்கு அந்தச் சொத்தில் பங்கு கிடையாது, தேவையும் இருக்கவில்லை. 1856இல் வந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதைக் குறித்துவைத்திருக்கிறார். திராவிட மொழிகளில் பெயரடைக்குப் பின்னால் விகுதி ஒட்டி ஒப்பிடும் வழக்கம் இல்லை, வேற்றுமை உருபை வைத்தே வேலை நடக்கிறது என்று. காக்கையை விடக் களாப்பழம் கறுப்பு என்ற பொருளில் இலக்கண உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டில் 'விட' என்ற சொல் கூடக் கிடையாது, ஐந்தாம் வேற்றுமை உருபு ஒன்றே அதைச் சொல்லிவிடுகிறது. சொல்லின் உருவம் மாறாது, எதோடு ஒப்பிடுகிறோமோ அது உருபு ஏற்கும். வேலிக்குத்தான் நம் இலக்கணத்தில் மரியாதை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஒழுங்கில்லாத வடிவங்கள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். 'குட், பெட்டர், பெஸ்ட்', 'பேட், வொர்ஸ், வொர்ஸ்ட்'. பட்டியலில் வராத மூன்று பேர்தான் எனக்குப் பிடித்தவர்கள். 'ஃபர்ஸ்ட்', 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்'. மூன்றும் பழைய சூப்பர்லேட்டிவ்கள். 'ஃபோர்' என்றால் முன்னால், எல்லாருக்கும் முன்னால் நிற்பவர் 'ஃபர்ஸ்ட்'. 'லேட்' என்பதிலிருந்து 'லாஸ்ட்'. பக்கம் என்று பொருள்படும் 'நை' என்ற சொல்லிலிருந்து, இருப்பதிலேயே பக்கத்தில் உள்ளது 'நெக்ஸ்ட்'. 'நியர்' என்பதுதான் அந்த 'நை'யின் கம்பேரட்டிவ். அது மறந்துபோய், 'நியர்' என்பதே ஆதிச்சொல் என்று நினைத்துக்கொண்டு அதற்கு மேல் இன்னொரு 'எஸ்ட்' போட்டு 'நியரஸ்ட்' ஆக்கினார்கள். நடுச்சென்டர் என்று நாம் சொல்வதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம்.

இரட்டைப் போடுவது என்றதும் 'மோஸ்ட் சீப்பஸ்ட்' நினைவுக்கு வருகிறது. இன்று அது தப்பு, சந்தேகமில்லை. ஆனால் ஷேக்ஸ்பியர் காலத்தில் தப்பில்லை. ஜூலியஸ் சீஸர் நாடகத்தில் சீஸரின் மேலங்கியைக் காட்டி அந்தோணி பேசும் இடத்தில், புரூட்டஸின் கத்திக்குத்தைப் பற்றிச் சொல்லும்போது 'மோஸ்ட் அன்கைண்டஸ்ட்' என்றுதான் வரும். அழுத்தம் போதவில்லை என்றால் இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். இதற்குத் தடை போட்டவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். 1762இல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் எழுதிய இலக்கண நூல் அவற்றில் பேர்போனது. அவரே பைபிள் சங்கீதங்களின் பழைய மொழிபெயர்ப்பில் கடவுளைக் குறித்து வரும் 'மோஸ்ட் ஹையஸ்ட்' என்பதை மட்டும் விட்டுவைத்தார். கடவுள் விஷயமாயிற்றே, பொருந்துகிறது என்றார். பாதிரியாரின் இலக்கணம் பாதிரியாருக்கு வளைந்து கொடுத்தது.

அடுத்து, என் கோபத்துக்கு வருகிறேன். ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தை அறியாத இந்திய வீடு குறைவு. அந்த இருவரில் பி.சி. ரென், 1924இல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிப் புகழ்பெற்றவர். இங்கே கல்வித்துறையில் வேலை பார்த்தவர். அந்தப் புத்தகத்திலும், அதைப் பார்த்து வந்த நோட்ஸ்களிலும், டியூஷன் சென்டர்களிலும் ஒரு பயிற்சி உண்டு. ஒரே வாக்கியத்தை மூன்று டிகிரியிலும் மாற்றி எழுது, பொருள் மாறக்கூடாது என்பார்கள். 'சென்னை ஈஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா' என்பதை 'சென்னை ஈஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா' என்று மாற்றவேண்டும். பிறகு 'வெரி ஃப்யூ சிட்டீஸ்' என்று ஆரம்பித்து மூன்றாவது. ஃபார்முலாவை நெட்டுருப் போட்டால் முழு மார்க்.

பொருள் உண்மையிலேயே மாறவில்லையா? நாற்பத்தைந்து பேர் வகுப்பில் இருபதாம் ரேங்க் வாங்கிய பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கீழே இருபத்தைந்து பேர், மேலே பத்தொன்பது பேர். பாதிக்கு மேற்பட்டவர்களைவிட நன்றாகப் படிக்கிறான், ஆகவே 'பெட்டர் தேன் மோஸ்ட் அதர் ஸ்டூடன்ட்ஸ்' என்பது உண்மை. அவனை 'ஒன் ஆஃப் தி பெஸ்ட்' என்று அவன் அம்மா கூடச் சொல்லமாட்டார். மூன்று வாக்கியமும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுப்பது இலக்கணமும் இல்லை, கணக்கும் இல்லை. மார்க்குக்காகச் செய்யச் சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் மூன்றும் வெவ்வேறு அளவுக்குத் துணிந்து பேசும் வாக்கியங்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

அந்தப் பயிற்சியில் உருப்படியாகக் கிடைப்பது ஒன்று உண்டு, 'அதர்' என்ற சொல். 'ராம் ஈஸ் டாலர் தேன் எனி பாய் இன் தி க்ளாஸ்' என்றால் ராமும் அந்த வகுப்புப் பையன்தானே, தன்னைவிடத் தானே உயரமாக இருக்கிறான் என்று ஆகிவிடும். அதனால் 'எனி அதர் பாய்'. கம்பேரட்டிவில் ஆள் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும், சூப்பர்லேட்டிவில் வேலிக்கு உள்ளே நிற்கவேண்டும். மில்டன் 1667இல் வெளியிட்ட பாரடைஸ் லாஸ்ட் காவியத்தின் நான்காம் காண்டத்தில், ஏவாளைப் பற்றிச் சொல்லும்போது தன் மகள்களிலேயே அழகானவள் அவள்தான் என்ற பொருள் வரும்படி எழுதிவைத்திருக்கிறார். தன் மகள்களுக்குள் தானும் ஒருத்தி! ஆதாமுக்கும் அதே கதி. காவியம் என்பதால் ரசித்துவிட்டுப் போகலாம்.

இரண்டே பேர் இருந்தால் கம்பேரட்டிவ், மூன்று பேராவது இருந்தால்தான் சூப்பர்லேட்டிவ் என்ற விதியைப் பார்த்தும் அளவுக்கு மீறிப் பயப்படவேண்டாம் என்பேன். பரீட்சையில் கடைப்பிடியுங்கள். ஜேன் ஆஸ்டின் தன் 'எம்மா' நாவலின் தொடக்கத்திலேயே, இரண்டு மகள்களில் சின்னவளான எம்மாவை 'யங்கஸ்ட்' என்றுதான் எழுதுகிறார். நல்லபடியாக நடந்துகொள் என்பதற்கு 'பெஸ்ட் ஃபுட் ஃபார்வர்ட்' என்கிறார்கள், மனிதனுக்கு இருப்பதே இரண்டு கால். நாம் மட்டும் என்ன? "பஸ்ஸுக்கு நிக்கிறதுக்கு நடந்து போறதே பெஸ்ட்டு" என்கிறோம். அங்கே இருப்பதும் இரண்டே வழிதான்.

ஆஸ்டினின் அதே வாக்கியத்தில் எம்மாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது 'எ மோஸ்ட்' என்று வரும். 'தி' இல்லை, 'எ'. இது சூப்பர்லேட்டிவே இல்லை. 'எ மோஸ்ட் இன்டரஸ்டிங் ஸ்பீச்' என்றால் ரொம்ப சுவாரசியமான பேச்சு, அவ்வளவுதான். வேலி கிடையாது, போட்டியும் கிடையாது. நம்ம 'மிக'வுக்குப் பொருத்தமான ஜோடி வேண்டுமென்றால் இதுதான். அதேபோல் 'ஷீ ஈஸ் ஹேப்பியஸ்ட் வென் ஷீ ஈஸ் சிங்கிங்' என்பதில் 'தி' வராததற்கும் காரணம் உண்டு. மற்றவர்களோடு அவளை ஒப்பிடவில்லை. அவளுடைய பொழுதுகளிலேயே பாடும் பொழுதுதான் சந்தோஷமான பொழுது.

வேலி போடாமல் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. முகமது அலி தன்னை 'தி கிரேட்டஸ்ட்' என்று சொல்லிக்கொண்டார், எதிலே என்று சொல்லவேயில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியமில்லை. மற்றவர்களுக்கு அந்த வசதி கிடையாது. 1951இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டு பகுதியில் பறவை வேட்டைக்குப் போன ஹியூ பீவர், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப்பறவை எது என்று கூட இருந்தவர்களோடு வாதம் செய்தார். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. கின்னஸ் மதுபான ஆலையை நிர்வகித்தவர் அவர். மதுக்கடைகளில் இந்த மாதிரிச் சண்டைகள் தினமும் நடக்கும், தீர்ப்புச் சொல்ல ஒரு புத்தகம் போட்டால் ஓடும் என்று தோன்றியது. மெக்விர்ட்டர் என்ற இரட்டையரைப் பிடித்துத் தொகுக்கச் சொன்னார். 1955இல் கின்னஸ் புத்தகம் வந்தது. அதற்காகத் தொடங்கிய கம்பெனிக்கு வைத்த பெயரே 'கின்னஸ் சூப்பர்லேட்டிவ்ஸ்'. அந்த முதல் கேள்வியைக் கவனியுங்கள். ஐரோப்பாவிலேயே, வேட்டைப்பறவைகளிலேயே. வேலி இரண்டு அடுக்கு.

குடும்ப விவகாரம் ஒன்று, சுருக்கமாக. 'மை பிரதர் ஈஸ் எல்டர் தேன் மீ' என்று நம்மில் நிறையப் பேர் சொல்கிறோம். 'எல்டர்', 'எல்டஸ்ட்' இரண்டும் 'தேன்' ஏற்காது, 'ஓல்டர் தேன் மீ'தான். 'மை எல்டஸ்ட் சன்' என்றால் மூத்த மகன், அது சரி. ஒரே குடும்பத்துக்குள் மட்டும்தான் இந்தச் சொல் செல்லும். தெருவிலேயே வயதில் மூத்த மரத்தை 'எல்டஸ்ட் ட்ரீ' என்று சொல்லக்கூடாது.

கடைசியாக ஆபீஸ் விவகாரம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வரும் மெயில்களில் 'ப்ளீஸ் ரிப்ளை அட் தி எர்லியஸ்ட்' என்ற வரி இல்லாமல் இருக்காது. இந்தியாவுக்குள் எல்லாருக்கும் இது புரியும், சீக்கிரம் பதில் போடு என்று அர்த்தம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகிற மெயிலில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். லண்டன்காரர் 'மண்டே அட் தி எர்லியஸ்ட்' என்று சொன்னால், திங்கட்கிழமைக்கு முன்னால் நடக்காது என்று பொருள். அவர் வேலி போடுவது இந்தப் பக்கம். அதற்கு மேல் செவ்வாயோ வியாழனோ எப்போதும் ஆகலாம். நாமோ திங்களுக்குள் முடித்துவிடு என்று நினைத்துக்கொண்டு அதே சொற்களை எழுதுகிறோம். நாம் சொல்லவந்தது 'மண்டே அட் தி லேட்டஸ்ட்'. கிழமை சொல்லாமல் அவசரம் மட்டும் சொல்லவேண்டுமென்றால் 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' இருக்கிறது. மரியாதையாகச் சொல்லவேண்டுமென்றால் 'அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்' இருக்கிறது. ஆனால் இந்தக் கடைசியில் அவசரத்தைவிட எதிராளியின் வசதிக்குத்தான் முதலிடம் என்பதால், பணம் வரவேண்டிய மெயிலில் அதை எழுதாதீர்கள்.